பிரேக் விட்ட பயிற்சி விமானம்: 23 லட்சத்தை என் மகள் கட்ட வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம் இது. எழுதியவர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கி, 21 வயது மகளை வெளிமாநிலத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். 62 மணி நேரம் பறந்திருந்த மகள், மூன்று வாரங்களுக்கு முன்பு தனியாகப் பறக்கக் கிளம்பியிருக்கிறார். ஓடுபாதைக்குப் போகும் வழியில், இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், இடது பிரேக் பிடிக்கவில்லை. “பெடல் அப்படியே தரை வரைக்கும் போயிடுச்சுப்பா” என்றாராம். விமானம் டாக்ஸிவே எனப்படும் அந்த வழியை விட்டு வலப்பக்கமாக இறங்கி, முன்சக்கரம் மழைநீர் வடிகாலில் விழுந்து, சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் கான்கிரீட் விளிம்பில் அடித்து நின்றது. வலது இறக்கை நுனி வேலிக் கம்பத்தில் மோதியது. இடது சக்கரத்தின் மூடிக்கு அடியில் சிவப்பு எண்ணெய் சொட்டியதை மகள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

அன்று இரவே அலுவலகத்தில் உட்காரவைத்து, “திருப்பத்தைச் சரியாகக் கணிக்கவில்லை, தவறான பிரேக்கை அழுத்திவிட்டேன்” என்று ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள். இப்போது 23 லட்சம் ரூபாயைத் தவணையில் கட்டுகிறேன் என்று ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். விமானம் பறக்கவே இல்லை, அதனால் இது விபத்து இல்லை, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்குப் போனால் உங்கள் பெண்ணின் லைசென்ஸ்தான் போகும் என்கிறார்கள். முந்தைய நாள் அதே விமானத்தை ஓட்டிய சீனியர் மாணவர் “லெஃப்ட் பிரேக் ஸ்பாஞ்சியா இருக்கு” என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மகளின் மணிக்கட்டு வலிக்கு அங்கே சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்தும் வலி விடாததால் 12ஆம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்கஃபாய்டு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. கையெழுத்துப் போடலாமா, எஞ்சினியர் மீது போலீஸில் புகார் கொடுக்கலாமா, மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாமா, வீடு போய்விடுமா என்று தந்தை கேட்கிறார்.

ஐயா, உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பியிருந்தேன்: எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், எக்ஸ்ரே படத்தையும் டாக்டர் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பறக்காவிட்டாலும் விபத்துதான்

எது விமான விபத்து என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அடிப்படை வரையறைதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அனெக்ஸ் 13 சொல்வதையே நம் நாட்டின் விமான விபத்து விசாரணை விதிகளும் சொல்கின்றன. பறக்கும் நோக்கத்தோடு ஒருவர் விமானத்தில் ஏறியதிலிருந்து எல்லோரும் இறங்கும்வரை நடப்பது எல்லாம் கணக்கில் வரும். சக்கரம் தரையை விட்டதா என்பது கேள்வியே இல்லை. டாக்ஸி செய்யும்போது, அதாவது தரையில் உருண்டு போகும்போது, நடந்ததும் அதற்குள் அடங்கும்.

ஆனால் பள்ளி சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சேதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒற்றை எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை நுனி, டயர், பிரேக், சக்கரம் ஆகியவற்றோடு நின்றுபோன சேதத்தை அந்த வரையறை விபத்தில் சேர்ப்பதில்லை. அதற்குப் பெயர் சம்பவம், அதாவது இன்சிடென்ட். முன்சக்கரத்தின் கால் வளைந்ததா, அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் உடற்பகுதி நெளிந்ததா என்று மகளிடம் கேளுங்கள். அப்படி இருந்து, அதற்குப் பெரிய பழுதுபார்ப்பும் தேவைப்பட்டால் சேதமே போதும், அது விபத்துதான்.

இல்லாவிட்டாலும் மணிக்கட்டு இருக்கிறது. விமானத்துக்குள் இருந்தவருக்குக் கடுமையான காயம் என்றால், விமானத்துக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் அது விபத்து. விரல், கால்விரல், மூக்கு ஆகியவற்றில் ஏற்படும் சாதாரண முறிவைத் தவிர, எந்த எலும்பு முறிந்தாலும் அது கடுமையான காயம் என்கிறது அதே வரையறை. ஸ்கஃபாய்டு என்பது கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் சின்ன எலும்பு. அதில் விழும் விரிசல் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம் என்பதால், வலி இருந்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி படம் எடுப்பதே வழக்கம். உங்கள் மகளுக்கோ அங்கே முதல் படமே எடுக்கவில்லை. முறிவு தெரிந்த தேதி வேறு, முறிந்த தேதி வேறு. காயம் சம்பவ நாளோடு ஒத்துப்போகிறது என்று எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் மிக முக்கியமான தாள் அதுவாகத்தான் இருக்கும்.

விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடமை பள்ளிக்கு மட்டுமல்ல, விமானத்தின் பொறுப்பு விமானிக்கும் உண்டு. பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் போனபோது அந்தப் பொறுப்பு விமானி உங்கள் மகள்தான். எனவே பேசாமல் இருந்தால் பிரச்சினை அடங்கிவிடும் என்ற உங்கள் எண்ணம் ஆபத்தானது. நாளைக்கு இது வேறு வழியில் வெளியே வந்தால், ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அவரிடமும் வரும். எலும்பு முறிவு இப்போதுதான் தெரிந்தது என்று குறிப்பிட்டு, தாமதத்துக்கு அதையே காரணமாக எழுதி, டிஜிசிஏவுக்கும் விமான விபத்துப் புலனாய்வு அமைப்பான ஏஏஐபிக்கும் மகள் பெயரில் இப்போதே கடிதம் போகட்டும். சிறிய விமானம் என்றால் விசாரணை இரண்டில் எதன் கைக்கும் போகலாம்.

எண்ணெய் எப்போது கசிந்தது?

பணிமனையில் இருந்தவர் என்பதால் இது உங்களுக்குச் சட்டென்று புரியும். செஸ்னா 172 போன்ற விமானங்களில் முன்சக்கரம் வால் சுக்கானை இயக்கும் ரட்டர் பெடலோடு இணைந்திருக்கும், பெடலை மிதித்தால் சக்கரம் திரும்பும். டயமண்ட் டிஏ40, சிர்ரஸ் போன்றவற்றில் முன்சக்கரம் எதோடும் இணையாமல் தானாகச் சுழலும். மெதுவாக உருளும்போது இடது பிரேக்கை அழுத்தினால் இடப்பக்கம், வலதை அழுத்தினால் வலப்பக்கம் என்று பிரேக்கை வைத்தேதான் திருப்ப வேண்டும். மகள் சொல்லும் விவரங்களிலிருந்து அவர் ஓட்டியது இரண்டாம் வகை என்று தெரிகிறது. அதில் இடது பிரேக் போனால் இடப்பக்கம் திரும்பும் வழியே போய்விட்டது. நிறுத்தலாம் என்று இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் வலது மட்டும் பிடித்து விமானத்தை வலப்பக்கம் இழுக்கும். நடந்ததும் அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பதற்றத்தில் தவறுதலாக வலது பிரேக்கை மட்டும் அழுத்தியிருந்தாலும் விமானம் இதே வடிகாலில்தான் போய் விழுந்திருக்கும். டயர்த் தடத்தை மட்டும் வைத்து யார் சொல்வது உண்மை என்று நிரூபிக்க முடியாது. அதனால்தான் அந்தச் சிவப்பு எண்ணெய்க்கு இவ்வளவு மதிப்பு. எண்ணெய்க் கசிவை மறுக்க முடியாதபோது, வடிகாலில் மோதிய அதிர்ச்சியில்தான் பிரேக் குழாய் விட்டது என்று பள்ளி சொல்லும். அதற்கு உங்கள் பதில் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, முந்தைய நாள் வாட்ஸ்அப் செய்தி. இரண்டு, ஸ்னாக், அதாவது விமானத்தின் பழுதுகளை எழுதும் டெக்னிக்கல் லாக். சீனியர் மாணவர் குழுவில் போட்டதோடு நிற்காமல் அதிலும் எழுதினாரா, எழுதியிருந்தால் என்ன செய்து, யார் கையெழுத்திட்டு விமானத்தை மறுபடி வெளியே விட்டார்கள்? மூன்று, திருப்பத்துக்கு முந்தைய டாக்ஸிவேயில் எண்ணெய்ச் சொட்டுகள் விழுந்தனவா? மகள் எடுத்த படங்களை நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சக்கரத்தை மட்டும்தான் எடுத்தேன் என்பார். பின்னணியில் தரை விழுந்திருக்கலாம்.

கார் பிரேக் ஆயிலை ஊற்றியிருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைச் சின்ன விமானங்களின் பிரேக்கில் பொதுவாக இருப்பது சிவப்பு நிறத் தாது எண்ணெய். அதற்கான ரப்பர் சீல்கள் கார் பிரேக் ஆயில் பட்டால் கெட்டுப்போகும் என்பதும் சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் இது வெறும் ஊகம். கசிந்தது சிவப்பாக இருந்தது என்பதே அந்த ஊகத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. புகாரில் ஊகத்தை எழுதினால் மற்ற உண்மைகளின் பலமும் குறையும். “கேலிப்பர், ஓ-ரிங், மீதமுள்ள எண்ணெய் ஆகியவற்றைப் பாதுகாத்துப் பரிசோதிக்க வேண்டும்” என்று கேட்டாலே போதும்.

மகளின் பக்கத்தில் பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பியவுடன் பிரேக்கைச் சோதித்தபோது “கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சு, ஆனா பிடிச்சுது” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இதைத்தான்: மெத்தென்று இருந்தால் ஏன் திரும்பி வரவில்லை? அதற்காக இதை மறைக்கச் சொல்ல மாட்டேன். அனுபவம் குறைந்த மாணவி, முந்தைய நாள் குறையைச் சரிசெய்தாகிவிட்டது என்று நம்பி வண்டியை எடுத்தார் என்பது நியாயமான பதில். குழுச் செய்தியை அவர் படித்திருந்தாரா, அதைப் பற்றிப் பயிற்றுநரிடம் கேட்டாரா என்பது முக்கியம். முழு உண்மையும் முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த இரவு எழுதியதும் இப்போதைய பத்திரமும்

எழுதிக் கொடுத்துவிட்டாரே, எல்லாம் முடிந்தது என்று கலங்க வேண்டாம். சட்டத்தில் ஒப்புதல் என்பது முடிவான சான்று அல்ல. எந்தச் சூழலில், யார் சொல்லச் சொல்ல எழுதினார் என்று விளக்க இடம் உண்டு. ஆனால் அந்த விளக்கம் நாள் கடத்தாமல் வர வேண்டும். கையில் வலியோடு, உடன் யாரும் இல்லாமல், இரவில் அவர்கள் சொன்ன வாசகத்தை எழுதினேன், உண்மையில் நடந்தது இது என்று பள்ளிக்கு மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பட்டும். எழுதி வாங்கியவர்களைத் திட்டி ஒரு வரிகூட வேண்டாம்.

இப்போதைய உறுதிமொழிப் பத்திரம் வேறு விதம். முதலாவது ஒரு சம்பவ விவரம். இது கடனை ஏற்கும் ஒப்பந்தம். இதில் கையெழுத்து விழுந்துவிட்டால், பிரேக் கெட்டிருந்ததா என்ற கேள்வியே பின்னுக்குப் போய், பணம் கட்டினாயா இல்லையா என்பதுதான் வழக்காகும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்கலாம்தான். ஆனால் அந்தச் சுமை உங்கள் தலையில் வந்து விழும். நீங்களும் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

23 லட்சம் என்பது மிகையா என்று கேட்டிருக்கிறீர்கள். மதிப்பீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனாலும் பெரிய தொகையாக இருப்பதில் ஆச்சரியமில்லை. சுழலும் புரொப்பெல்லர் கெட்டியான எதிலாவது அடித்தால், பிளேடை மாற்றுவதோடு வேலை முடியாது. எஞ்சினைக் கழற்றிப் பிரித்து உள்ளே சேதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை லைகமிங் போன்ற எஞ்சின் நிறுவனங்கள் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. ஆகவே தொகையைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். அதை யார் தர வேண்டும் என்பதுதான் கேள்வி.

சேர்க்கை ஒப்பந்தத்தில் “விமானச் சேதத்துக்கு மாணவரே பொறுப்பு” என்று இருந்தாலும், தவறு செய்தார் என்று நிரூபிக்காமல் பிரேக் கெட்டதற்கான செலவை மாணவி தலையில் கட்டுவது எளிதல்ல. புறப்படும் முன் சுற்றிப் பார்ப்பது விமானியின் வேலை. ஆனால் சக்கர மூடிக்குள் இருக்கும் கேலிப்பரின் சீல் எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டிப்போவில் பிரேக் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வெளியே விட்ட பஸ் கேட்டைத் தாண்டியதும் பிரேக் விட்டால், முதல் கேள்வி டிரைவரிடம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். விமானத்தைத் தொடர்ந்து பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு, அதை வைத்துப் பயிற்சி நடத்தும் நிறுவனத்துடையது.

அப்புறம் காப்பீடு. விமானத்துக்கு ஹல் இன்ஷூரன்ஸ், அதாவது விமானத்தின் சேதத்துக்கான காப்பீடு, எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கமான ஹல் பாலிசிகளில் தானாகக் கெட்டுப்போன பாகத்துக்குப் பணம் வராது, அதன் விளைவாக மற்ற பகுதிகளுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு வரும். பிரேக் யூனிட்டுக்குக் கிடைக்காது, ஆனால் புரொப்பெல்லருக்கும் இறக்கைக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. காப்பீட்டிலும் வாங்கி, உங்களிடமும் வாங்கி, ஒரே நஷ்டத்துக்கு இரண்டு முறை பணம் எடுக்க முடியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பள்ளிக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், தவறு செய்தவர் என்று கருதுபவரிடமிருந்து அதை வசூலிக்கப் பள்ளியின் இடத்தில் வந்து நிற்கலாம். “என் தவறு” என்று மகள் எழுதிக் கொடுத்த தாள் அப்போது அவர்கள் கையில் இருக்கும். பாலிசியில் மாணவ விமானிகளும் காப்பீடு பெற்றவர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

போலீஸா, தீர்ப்பாயமா, ஆணையமா?

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இதற்கு இல்லை. அது சாலையில் ஓடும் வாகனங்களுக்கான சட்டத்தின் கீழ் வருவது. போலீஸ் புகாரை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். கையெழுத்திட்ட எஞ்சினியர் சரியாகவே பார்த்திருந்தும் மறுநாள் சீல் விட்டிருக்கலாம், அல்லது அவர் கேட்ட பாகத்தைப் பள்ளி வாங்கித் தராமலும் இருந்திருக்கலாம். குற்ற வழக்கு என்றதும் அவர் வாயை மூடிக்கொள்வார். உண்மையில் உங்களுக்கு உதவக்கூடிய சாட்சி அவராகவும் இருக்கலாம்.

விசாரணை அறிக்கை வந்தால் யார் பணம் தர வேண்டும் என்று தீர்ந்துவிடும் என்று நம்புகிறீர்கள். அப்படி இல்லை. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான், பழியோ பொறுப்போ சுமத்துவது அல்ல என்று அனெக்ஸ் 13லும் நம் விதிகளிலும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பிரேக் பழுதானது என்று அறிக்கை சொன்னால் உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் அது தீர்ப்பு ஆகாது.

பணத்துக்கு உங்கள் முன் இரண்டு வழிகள். முதல் வழி, நீங்கள் எதுவும் தராமல் இருப்பது. பணம் வேண்டும் என்றால் பள்ளிதான் சிவில் வழக்குப் போட்டு மகளின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வெளிமாநிலத்துக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று கேட்பதானால் மாநில ஆணையம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு: தொழிற்கல்வி உட்படக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு 2020இல் சொன்னது, அது உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. பள்ளி கட்டாயம் இதைக் கையில் எடுக்கும். எனவே இந்த ஒரு வழியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். என் யோசனை முதல் வழி. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆதாரங்களுக்குத்தான் அவகாசம் இல்லை.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிய ரேடியோ பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச நியதி. அதற்குப் பிறகு அழிந்துவிடலாம். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. விமான நிலையத்துக்கும் பள்ளிக்கும் தனித்தனியாக, ரேடியோ பதிவு, சிசிடிவி, டெக்னிக்கல் லாக், அன்று தனியாகப் பறக்கத் தந்த சோலோ அனுமதித் தாள், கழற்றிய பிரேக் பாகங்கள் ஆகியவற்றைப் பாதுகாக்கும்படி நாளைக்கே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. நீதிமன்றத்தில் செல்லுபடியாக புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், எனவே செய்தி இருக்கும் போனை மாற்றவோ குழுவிலிருந்து வெளியேறவோ வேண்டாம். சீனியர் மாணவரை வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் அங்கே படிப்பு முடிய வேண்டும்.

லைசென்ஸ், லாக்புக், வீடு

விபத்தைத் தெரிவித்ததற்காக யாருடைய லைசென்ஸும் போவதில்லை. தவறு இருந்ததாகக் கருதி நடவடிக்கை எடுப்பதானாலும், விளக்கம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பழுதான பிரேக்கால் வந்த விபத்தில் ஒரு மாணவி அதிகபட்சம் எதிர்பார்க்கக்கூடியது திருத்தப் பயிற்சியாக இருக்கும் என்பது என் கணிப்பு. கை குணமாகும்வரை பறக்கக் கூடாது, முறிவை மெடிக்கல் எக்ஸாமினரிடம் மறைக்கவும் கூடாது. ஸ்கஃபாய்டு மெதுவாகச் சேரும் எலும்பு, அவசரப்படுத்தினால் பிடிமானமே குறைந்துபோகலாம்.

பள்ளி மாற நினைத்தால், அந்த 62 மணி நேரம் மகளுடையது. கமர்ஷியல் லைசென்ஸுக்குத் தேவையான 200 மணியில் அது சேர வேண்டும். அதனால் பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் எல்லாப் பதிவுக்கும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இன்றே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளட்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் பள்ளியிடம் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். சான்றிதழ் ஒன்றும் விற்பனைச் சரக்கல்ல, பணத்துக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீடு வங்கியிடம் அடமானமாக இருப்பது உங்கள் கல்விக் கடனுக்கு. அந்தத் தவணை தவறாதவரை வங்கிக்கு இந்தச் சண்டையில் வேலை இல்லை. பள்ளிக்கு உங்கள் வீட்டின் மீது எந்தப் பிடியும் கிடையாது. வழக்குப் போட்டு, ஜெயித்து, தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும்போதுதான் சொத்து என்ற பேச்சே வரும். அதுவும் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை கடனாளி நீங்கள் அல்ல. சேர்க்கையின்போது போட்ட கையெழுத்துகளின் நகல் உங்களிடம் இருக்குமே, அதில் ‘கேரண்டர்’ (ஜாமீன்தாரர்) என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதன் வாசகத்தைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.